வலைச் செயலிக் கட்டமைப்புகளில் சேவைப் பெயரீடும் சார்பு உட்செலுத்தலும்: நகரத்தார் விலாச முறையோடு ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு சேவையின் பெயர் தனித்து விளங்குவதோடு, அது ஆற்றும் பணியையும் சுட்ட வேண்டும் என்பதைச் செட்டிநாட்டு விலாச முறையோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சேவை, கொள்கலன், சார்பு உட்செலுத்தல், பெயர்வெளி, விலாசம்.

முன்னுரை

வலைச் செயலி பல சேவைகளின் கூட்டு ஆகும். பயனர் பதிவைக் கையாளும் வகுப்பு, அஞ்சல் அனுப்பும் சேவையைச் சார்ந்திருக்கும். அச்சேவையை அவ்வகுப்பே உருவாக்கிக்கொண்டால், அஞ்சல் முறை மாறும்போதெல்லாம் அதன் நிரலையும் திருத்த நேரும். மாறாக, வேண்டிய சேவையை வெளியிலிருந்து வழங்குவது சார்பு உட்செலுத்தல் எனப்படும். மார்ட்டின் ஃபவுலர் 2004இல் எழுதிய கட்டுரை இப்பெயரை நிலைபெறச் செய்தது. சேவைகளை உருவாக்கி உரிய இடத்தில் சேர்ப்பது கொள்கலனின் பொறுப்பு. எதனை வழங்குவது என்பதைக் கொள்கலன் பெயராலோ வகையாலோ அறிகிறது. ஆதலின் பெயர் பிழைத்தால் சேவையும் பிழைக்கும்.

விலாசமும் முகவரும்

வலையபட்டி உள்ளிட்ட செட்டிநாட்டு ஊர்களின் நகரத்தாரிடையே பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது மரபு. அதனால் அண்ணாமலை, சிதம்பரம், பழனியப்பன் போன்ற பெயர்கள் மீண்டும் மீண்டும் வரும். ஒரே பெயருடையோரை வேறுபடுத்த, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் அமைந்த விலாசம் பயன்பட்டது. பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் அவர்கள் நடத்திய லேவாதேவிக் கடைகளும் விலாசத்தால் அறியப்பட்டன. முதலாளி அமர்த்திய முகவர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் மாறினார், விலாசம் நிலைத்தது. விலாசத்தைச் சேவைப் பெயராகவும், முகவரைச் செயலாக்க வகுப்பாகவும், முதலாளியைக் கொள்கலனாகவும் கொள்ளலாம். எனினும் முகவர் தம் அறிவால் முடிவெடுப்பவர். வகுப்போ நிரலில் எழுதியதை மட்டுமே செய்யும். ஒப்புமை அவ்வளவில் நிற்கிறது.

கட்டமைப்புகளின் தீர்வுகள்

ஸ்பிரிங் கட்டமைப்பு, தானே கண்டறியும் வகுப்பின் பெயரில் முதலெழுத்தைச் சிற்றெழுத்தாக்கிச் சேவைப் பெயராகக் கொள்வது இயல்பு. வெவ்வேறு தொகுப்புகளில் ஒரே பெயருள்ள இரு வகுப்புகள் இருப்பின் பெயர்கள் மோதும், செயலி தொடங்காது. பிழை வெளிப்படுவதால் இது நன்றே. உள்ளமைவில் ஒரே பெயரில் இரு சேவைகளை வரையறுத்தால், பின்னது முன்னதை ஓசையின்றி நீக்கிவிடக்கூடும் என்பதே பெருங்கேடு. 2018இல் வெளிவந்த ஸ்பிரிங் பூட் 2.1 இவ்வாறு மேலெழுதுவதை இயல்பு நிலையில் தடை செய்தது.

சிம்ஃபொனி 3.3 (2017), பெயர்வெளியோடு கூடிய முழு வகுப்புப் பெயரையே சேவைப் பெயராகக் கொள்ளும் வழக்கத்தை முன்வைத்தது. முன்னோர் எழுத்துகள் ஆளை வேறுபடுத்துவது போல, பெயர்வெளி வகுப்பை வேறுபடுத்துகிறது.

ஒரே இடைமுகத்துக்கு இரு செயலாக்கங்கள் இருக்கும்போது வகை மட்டும் போதாது. ஸ்பிரிங்கில் ‘குவாலிஃபயர்’ குறிப்பும், டாட்நெட் 8இல் (2023) திறவுகோல் சேவைகளும் இதற்கு உதவுகின்றன. அங்கு ‘எஸ்.எம்.டி.பி. அஞ்சல்’ என்று பெயரிட்டால், அனுப்பும் முறை மாறியபின் அப்பெயர் பொய்யாகும். ‘ரசீது அஞ்சல்’, ‘செய்திமடல் அஞ்சல்’ என்பன முறை மாறினும் பொருந்தும்.

முடிவுரை

செயலாக்கம் ஒன்றேயாயின் முழு வகுப்புப் பெயர் போதும். மாற்றத்துக்கு இடமிருப்பின் இடைமுகத்தைப் பெயராகக் கொள்வதும், செயலாக்கங்கள் பலவாயின் பணியால் பெயரிடுவதும் தக்கன. பெயர் மோதலை ஓசையின்றி விடாது தொடக்கத்திலேயே பிழையாகக் காட்டுவது எந்நிலையிலும் இன்றியமையாதது.