கூடி வாழ்ந்தவர் கைவிட்டால்?

ஆசையாய்க் குடித்தனம் தொடங்குகிறார்கள். இரண்டு வருடம் இன்பமாய்ப் போகிறது. ஒருநாள், "எனக்கு ஊரில் மனைவி இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு அவன் நடையைக் கட்டுகிறான். அந்தப் பெண் எங்கே போவாள்?

கலவையானாலும் ஆம்பூரானாலும், ஷூ கம்பெனிக்குப் போய்ச் சொந்தக் காலில் நிற்கும் பெண்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கோவை வழக்கு

2001-ல் கோவைக் குடும்பநல நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வந்தார். 1986-ல் தனக்குக் கல்யாணம் நடந்ததாகவும், சில வருடங்களில் கணவர் பிரிந்துவிட்டதாகவும் கூறி ஜீவனாம்சம் கேட்டார்.

அவரோ, "1980-லேயே எனக்கு வேறு ஒருத்தியோடு கல்யாணம் ஆகிவிட்டது" என்றார்!

கீழ்க்கோர்ட்டும் ஐகோர்ட்டும் வழக்குப் போட்ட பெண்ணை நம்பின. ஆனால் சுப்ரீம் கோர்ட்டு, "முதல் மனைவி என்று சொல்லப்படுபவரை விசாரிக்காமல் எப்படி முடிவு செய்வது?" என்று கேட்டு, 2010-ல் வழக்கைத் திருப்பி அனுப்பியது.

நான்கு நிபந்தனை

தாலி இல்லாத குடித்தனத்துக்கும் 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. யாருக்கு? அதே தீர்ப்பு சொன்னது: ஊரறியக் கணவன்-மனைவியாக வாழ வேண்டும். கல்யாண வயது வந்திருக்க வேண்டும். இருவரும் மணமாகாதவராக, மணம் செய்யத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். கணிசமான காலம் மனமொத்துக் கூடி வாழ்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையில்தான் ஏமாந்த பெண்கள் இடறி விழுகிறார்கள்!

துரோகம் குற்றமா?

மணமானவர் வேறு உறவு வைத்தால் சிறை உண்டா? 1860-ம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. பிறன் மனைவியை நாடிய ஆணுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. துரோகத்துக்கு ஆளான மனைவி புகார் கொடுக்கவே வழியில்லை. 27-9-2018 அன்று ஐந்து நீதிபதிகள் அந்தப் பிரிவை ரத்து செய்தார்கள். ஆனாலும், துரோகம் இன்றும் விவாகரத்துக்குக் காரணம்தான்.

முதல் கல்யாணத்தை மறைத்து மறுமணம் செய்தால் கதை வேறு. பத்து ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

என்ன செய்யலாம்?

"விவாகரத்து ஆகிவிட்டது" என்று வாயால் சொன்னால் போதாது. கோர்ட்டு உத்தரவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கல்யாணம் நடந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2009 முதல் இது கட்டாயம். சிக்கல் வந்தால், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்யலாம்.

அன்பு வைப்பதில் தவறில்லை. ஆளை விசாரித்து வையுங்கள்!