நிலக்காட்சி ஓவியத்தில் மழைவானம்

நிலக்காட்சி ஓவியங்களில் வானம் நெடுங்காலம் வெறும் பின்னணியாகவே இருந்தது. மேகம், மழை, புயல், அந்தி ஒளி ஆகியவையே ஓவியத்தின் கருவாக அமையும் முறை ஐரோப்பாவில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் வலுப்பெற்றது. லூக் ஹோவர்டு 1802-இல் மேக வகைகளுக்குப் பெயரிட்டார். ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822-ஆம் ஆண்டுகளில் இலண்டனின் ஆம்ப்ஸ்டெட் பகுதியில் வானத்தை மட்டுமே பல முறை வரைந்தார். அவற்றில் பலவற்றின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார்.

சோழமண்டலக் கடற்கரைக்கு வந்த வில்லியம் ஹாட்ஜஸ் (1744–1797) இவர்களுக்கு முந்தியவர். கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் ஓவியராகச் சென்ற அவர், நியூசிலாந்துக் கடலில் கண்ட நீர்த்தாரைச் சுழலை 1776-இல் பெரிய எண்ணெய் வண்ண ஓவியமாக்கினார். 1780-இல் சென்னைக்கு வந்தார். ஐதர் அலியுடனான போரால் உள்நாட்டுக்குள் செல்ல இயலாமல், 1781-இல் வங்காளம் சென்றார்.

இக்கரையின் வானத்தை வரைய ஐரோப்பியக் கையேடுகள் ஓரளவே உதவும். புதுச்சேரி நகரின் தென்பகுதியான உப்பளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கே கடல் கிழக்கில் உள்ளது. கதிரவன் கடலில் மறைவதில்லை. காலையில் கடல்மேல் உள்ள மேகங்களுக்குப் பின்னிருந்து ஒளி வருவதால் அவை கருத்து, ஓரங்கள் மட்டும் மின்னும். மாலையில் நிலை தலைகீழாகும். மேற்கு வானம் தெளிந்திருந்தால், படகுகளும் சுவர்களும் பொன்னிறமாகத் துலங்க, அவற்றின் பின்னே வடகிழக்குப் பருவமழை மேகம் கருநீலமாக நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைக்கும் இந்த முரண்தான் இக்கரை ஓவியருக்குப் பெரும் செல்வம். கடல்மேல் கதிரவன் மறையும் படத்தைப் புகைப்படம் பார்த்து வரைந்து அதற்குப் புதுச்சேரி என்று பெயரிட்டால், உள்ளூர்க்காரர் உடனே கண்டுகொள்வார்.

வானவில்லும் இவ்வாறே. அது எப்போதும் கதிரவனுக்கு எதிர்த்திசையில் தோன்றும். ஆகவே மாலையில் கடல்மேல் காணலாம். சமநிலத்தில் நிற்பவருக்குக் கதிரவன் 42 பாகைக்கு மேல் உயர்ந்துவிட்டால் வானவில் தெரியாது. வில்லின் உட்பகுதி வெளிப்பகுதியைவிடச் சற்று வெளிச்சமாக இருக்கும். இதைப் பலர் வரையத் தவறுகின்றனர்.

நீர்வண்ணத்தில் மேகத்தின் வெண்மைக்குத் தாளையே வண்ணம் பூசாமல் விடுவது வழக்கம். சாம்பல் நிறத்துக்குக் கறுப்பைவிட, அல்ட்ராமரைன் நீலத்துடன் பர்ன்ட் சியன்னாவைக் கலப்பது உயிரோட்டம் தரும். தொடுவானத்தை நெருங்க நெருங்க மேகங்கள் சிறுத்து, தட்டையாகி, வெளிறும். மழைக்கால ஈரக்காற்றில் தாள் மெதுவாகவே உலரும். மேகத்தின் மென்மையான விளிம்புக்கு இது நல்லது. ஆனால் அரைகுறையாக உலர்ந்த பூச்சின்மேல் அடுத்த பூச்சை இட்டால் திட்டுகள் விழும்.

இத்தகைய ஓவியங்கள் அறிவியலுக்கும் பயன்பட்டுள்ளன. 1883 ஆகஸ்டில் கிராக்கட்டோவா எரிமலை வெடித்தபின், செப்டம்பரில் சென்னையில் கதிரவன் பச்சையாகத் தெரிந்தது. இலண்டனில் வில்லியம் ஆஸ்கிராஃப்ட் அந்த அந்திவானங்களை 500-க்கும் மேற்பட்ட பாஸ்டல் ஓவியங்களாகத் தீட்டினார். 1888-இல் ராயல் சொசைட்டி வெளியிட்ட கிராக்கட்டோவா அறிக்கையில் அவற்றுள் சில இடம்பெற்றன.