ஃபஸ் பெடல் வாங்கப் போறீங்களா? முதலில் ஆவடி வெயிலைக் கணக்கில் எடுங்க!

எலெக்ட்ரிக் கிதார் வாங்கிக் கொஞ்சம் கை பழகியதும், இளைஞர்களின் கண் அடுத்துப் போகும் இடம் காலால் மிதித்து இயக்கும் சின்ன உலோகப் பெட்டிகள். அவற்றில் 'ஃபஸ்' பெடலுக்குத் தனி மவுசு. கிதாரின் தெளிவான நாதத்தைக் கரகரவென, வண்டு ரீங்காரம் போல மாற்றிவிடும் பெட்டி இது. 'கையால் செய்தது', 'அசல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்' என்று விளம்பரத்தில் பார்த்ததும் பல மாதச் சேமிப்பைக் கொடுக்கத் தயாராகிவிடுகிறார்கள்.

ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருப்பவர்கள் பணம் கட்டும் முன் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அது நம் ஊர் வெயில்!

கோளாறில் பிறந்த சத்தம்

1961-ல் அமெரிக்கப் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாடல் வெளியானது. ஒலிப்பதிவின்போது மிக்ஸிங் கருவியில் ஏற்பட்ட கோளாறால், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதார் கரகரத்தது. அந்தச் சத்தம் பலருக்கும் பிடித்துப்போனது. ஒலிப்பதிவாளர் க்ளென் ஸ்னாடி அதே சத்தத்தைத் தரும் சர்க்யூட்டை உருவாக்க, 1962-ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' பெட்டி சந்தைக்கு வந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாடல் அதை உலகப் பிரபலமாக்கியது. 1966-ல் லண்டனில் வட்ட வடிவ 'ஃபஸ் ஃபேஸ்' வந்தது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் காலடியில் இருந்தது அதுதான்.

வெயிலுக்கும் கிதாருக்கும் என்ன சம்பந்தம்?

ஆரம்பகால ஃபஸ் பெட்டிகளின் உயிர், ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். இதில் எப்போதும் கொஞ்சம் மின்கசிவு இருக்கும். தோராயமாக ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் இந்தக் கசிவு இரு மடங்காகும். 24 டிகிரி ஏ.சி. கடையில் இனிமையாகக் கேட்ட பெடலை, மே மாதம் 38 டிகிரி கொதிக்கும் மொட்டைமாடி அறைக்குக் கொண்டுவந்தால் கசிவு ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும். சத்தம் மெலியும், ஸ்வரம் பாதியில் அறுந்துபோகும். பெடல் பழுதாகிவிட்டது என்று பதறுவார்கள். இரவு சூடு தணிந்ததும் அதே பெடல் மறுபடி ஒழுங்காக ஒலிக்கும்.

சிலிக்கான் டிரான்சிஸ்டரில் இந்தத் தொல்லை இல்லை. சத்தம் சற்றுக் கூர்மையாக இருக்கும், இரைச்சலும் கொஞ்சம் கூடும். ஆனால் ஜனவரியிலும் மே மாதத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யும். ஏ.சி. இல்லாத அறையில் வாசிப்பவர்களுக்கு முதல் பெடலாக சிலிக்கானே நல்லது. ஜெர்மானியம்தான் வேண்டும் என்றால், 'பயஸ்' குமிழ் உள்ள பெடலைத் தேட வேண்டும். சூட்டுக்கேற்ப அதைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம்.

காசு எதற்குப் போகிறது?

ஃபஸ் ஃபேஸ் சர்க்யூட் ரொம்பவே எளிமையானது. இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், இரண்டு குமிழ், அவ்வளவுதான். பிறகு ஏன் இவ்வளவு விலை? ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஒவ்வொன்றையும் அளந்து பார்த்து, பொருந்தும் ஜோடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைத்தயாரிப்பு பெடலின் விலையில் பெரும்பங்கு இந்த உழைப்புக்குத்தான். டிரான்சிஸ்டரை அளந்து தேர்ந்தெடுத்தார்களா என்று விற்பவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

இந்தக் கதையில் இந்தியாவுக்கும் பங்குண்டு. பெங்களூருவின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962-லேயே ஜெர்மானியம் செமிகண்டக்டர் தயாரிப்பைத் தொடங்கியது. நம் தாத்தா காலத்து ரேடியோக்களில் இருந்த 'ஏசி128' ரக டிரான்சிஸ்டர், ஃபஸ் பெடல் செய்பவர்களுக்கும் பிடித்தமான ரகம். சாலிடரிங் தெரிந்தவர்கள் ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கித் தாங்களே செய்து பார்க்கலாம். மும்பையின் அனிமல் ஃபேக்டரி ஆம்ப்ளிஃபிகேஷன் போன்ற இந்தியத் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள். உள்நாட்டில் வாங்கினால் சுங்கவரி இல்லை. பழுதானாலும் கடல் தாண்டி அனுப்ப வேண்டியதில்லை.

வாங்கிய பிறகு...

* ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடலை கிதாருக்கு அடுத்து முதலாவதாக இணைக்க வேண்டும். நடுவில் 'பஃபர்' உள்ள ட்யூனர் வந்தால் சத்தம் கடூரமாகிவிடும்.

* கிதாரின் வால்யூம் குமிழைச் சற்றுக் குறைத்தாலே கரகரப்பு அடங்கி, நாதம் தெளியும். இதைப் பழகிக்கொண்டால் ஒரே பெடலில் பல ஒலிகள் கிடைக்கும்.

* பழைய பாணி ஜெர்மானியம் பெடல்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். மற்ற பெடல்களுடன் ஒரே அடாப்டரில் கோத்தால் ஷார்ட் ஆகலாம். 9 வோல்ட் பேட்டரியோ தனி அடாப்டரோ பாதுகாப்பானது.

* வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். செருகியே வைத்திருந்தால், பெடல் ஆஃப் ஆகியிருந்தாலும் பேட்டரி தீரும்.

* ஃபஸ்ஸை நேரடியாக ஹெட்போனில் கேட்டால் காதைக் குடையும். அக்கம்பக்கத்தாருக்காக ஹெட்போனில் வாசிப்பவர்கள், ஸ்பீக்கர் போல ஒலிக்கச் செய்யும் 'கேபினெட் சிமுலேஷன்' வசதியைப் பயன்படுத்தலாம்.

* வெயிலில் நிற்கும் காரிலோ, பைக் பெட்டியிலோ பெடலை விட்டுவிட்டு வரக்கூடாது.

முக்கியமாக, முடிந்தால் வாசித்துப் பார்த்தே வாங்க வேண்டும், அதுவும் சொந்த கிதாரைக் கொண்டுபோய். ஆன்லைனில் வாங்குபவர்கள் திருப்பிக் கொடுக்கும் வசதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. அந்த அவகாசத்துக்குள், ஒரு நாள் நல்ல மத்தியான வெயில் நேரத்தில் ஏ.சி. இல்லாத அறையில் ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்துவிடுங்கள். பெடல் தாங்குமா, தாங்காதா என்பது அப்போதே தெரிந்துவிடும்!