உச்சி வெயிலும் கமக்காரரின் தோலும்

இறக்காமத்தில் சிறுபோக வேலை தொடங்கும் ஏப்பிரல் முற்பகுதியிலும், அறுவடையை அடுத்த செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கின்றது. அவ்வெயிலிலுள்ள கழியூதாக் கதிர்கள் தோலின் உயிரணுக்களைப் பழுதாக்குவதோடு, தோலுக்கு உறுதியளிக்கும் கொலாஜன் என்னும் புரத நார்களையும் சிதைக்கின்றன. வயலிற் குனிந்து உழைப்போரின் பிடரி காலத்துக்கு முன்னரே தடித்துத் திரைவது இதனாலேயாம்.

மாட்டுத்தோல், மீன்தோல் ஆகியவற்றினின்று எடுத்த கொலாஜன் தூள் இன்று விற்பனைக்குண்டு. (பன்றியினின்றும் எடுப்பதுண்டாதலின் ஹலால் முத்திரையை நோக்குக.) எனினும், உண்ட கொலாஜன் குடலிற் சிறு கூறுகளாகச் சமிபாடடையும், வெயிலை மறைக்கும் போர்வையாகாது. அப்பணத்திற்குக் குளத்து மீன் வாங்கியுண்ணலாம்.

முழுக்கைச் சட்டையும், பிடரியை மூடும் துண்டும், அகன்ற விளிம்புத் தொப்பியுமே காப்பு. களைபிடுங்கலைக் காலை 10 மணிக்கு முன்னரோ மாலை 4 மணிக்குப் பின்னரோ வைத்துக்கொள்க. ஆறாத புண்ணோ உருமாறும் மச்சமோ காணின், தாமதியாது வைத்தியரிடம் காட்டுக.