கரடுமுரடுப் பாதை – 9: தகட்டில் தங்கும் ஆயில்

ஸ்கிட் பிளேட் பூட்டிய ஜீப்பில் ஆயில் மாற்றும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தகட்டைத்தான். எந்த ஆயில், எப்போது மாற்றுவது என்பதெல்லாம் சென்ற வாரமே சொல்லியாயிற்று.

ராங்லர் ஜேகே வண்டியில் பெட்ரோல் டேங்குக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் கம்பெனியே தகடு போட்டுத் தந்தது. என்ஜின் ஆயில் தேங்கும் சம்ப்புக்குக் கிடையாது. பாறைப் பாதைக்குப் போகிறவர்கள் அதற்கும் ஒரு தகட்டை வெளியில் வாங்கிப் பூட்டிக்கொள்கிறார்கள். அது வீண் செலவல்ல என்பதற்குக் கலிஃபோர்னியாவின் ரூபிகன் பாதையே சாட்சி. ஜார்ஜ்டவுன் பக்கமிருந்து டாஹோ ஏரிப் பக்கம் வரை, சியரா நெவாடா மலைமேல் 22 மைல். 1953-ல் ஜீப்காரர்கள் கூட்டமாக முதல் ஜாம்பரி பயணம் போனது இதில்தான்; ராங்லரின் ரூபிகன் ரகத்துக்குப் பெயர் வந்ததும் இதிலிருந்துதான். அங்கே கருங்கல் பாறையில் சம்ப் கிழிந்தால் ஆயிலைப் பாறை உறிஞ்சாது. பனி உருகும் காலத்தில் அது ஓடையில் போய்ச் சேரும். 2009-ல் மத்தியப் பள்ளத்தாக்கு நீர்த்தர வாரியம், மண் அரிப்பு, மனிதக் கழிவு ஆகியவற்றோடு ஆயில் சிந்துவதையும் சுட்டிக்காட்டி, பாதையைச் சீர்செய்யும்படி எல் டொராடோ கவுண்டிக்கு உத்தரவே போட்டது. ஆயில் உறிஞ்சும் துணிகள் அடங்கிய பையை வண்டியில் வைத்திருப்பது இன்று அந்தப் பாதையின் ஒழுங்கு. ஒரு தகடு காப்பது என்ஜினை மட்டுமல்ல.

பல தகடுகளில் ட்ரெயின் போல்ட்டுக்கு நேரே ஒரு துளை இருக்கும். அதை நம்பித் தகட்டைக் கழற்றாமல் ஆயில் இறக்குவதுதான் தொல்லையின் ஆரம்பம். சம்ப் நிறைந்திருக்கும்போது போல்ட்டை எடுத்தால் ஆயில் சாய்வாகப் பீய்ச்சும். துளையைத் தாண்டித் தகட்டில் விழும். மட்டம் குறையக் குறையத்தான் தாரை நேராகும். அதற்குள் தாம்பாளத்தில் கொட்டியதுபோல் ஆயில் தகட்டில் பரவி, சேற்றோடு குழைந்து, நாள்கணக்கில் சொட்டும். என்ஜின் சீல் போய்விட்டதாகச் சிலர் பயப்படுவார்கள். அதைவிட மோசம், உண்மையாகவே சீல் ஒழுகினாலும் அது இந்தச் சொட்டில் தெரியாமல் போவது.

ஆகவே கழற்றுவதே நல்லது. சமதரையில் நிறுத்தி, என்ஜின் மிதமான சூட்டில் இருக்கும்போது, போல்ட் தலைகளில் இறுகிய சேற்றைச் சுரண்டிவிட்டு எல்லாவற்றையும் சற்றே தளர்த்த வேண்டும். இரும்புத் தகடு கனமானது. கடைசி போல்ட்டுக்கு முன் அடியில் ஜாக்கி கொடுப்பது அவசியம். பாறையில் அடிபட்டு மேல்நோக்கி ஒடுங்கிய இடம் சம்ப்பைத் தொடும் அளவில் இருந்தால், அதை நிமிர்த்தாமல் திரும்பப் பூட்டக் கூடாது.

3.6 லிட்டர் என்ஜினின் ட்ரெயின் போல்ட்டுக்கு 13 மிமீ ஸ்பேனர். திரும்பப் போடும்போது 27 நியூட்டன் மீட்டர் போதும். மேலும் முறுக்கினால் மரை போகும். ஆயில் ஃபில்டர் என்ஜினின் மேல்பக்கம், தகட்டோடு சம்பந்தமில்லாமல் இருக்கிறது. அதன் பிளாஸ்டிக் மூடியைக் கையாள்வது தனிக் கதை. அது அடுத்த வாரம்.

ஃபில்டரையும் மாற்றினால் சுமார் 5.7 லிட்டர் பிடிக்கும். ஊற்றியபின் என்ஜினைச் சிறிது நேரம் ஓட்டி, அணைத்து, சம்ப்பின் அடியை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். கறை இல்லையென்றால் கழுவிக் காயவைத்த தகட்டைப் பூட்டலாம். முதல் கரட்டுப் பயணம் முடிந்ததும் அதன் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.