சிஸ்டரிடம் கேளுங்கள்

"சிஸ்டர், இவன் ராத்திரி பூரா நடந்துக்கிட்டே இருக்கான். நோய் முத்திப்போச்சா?"

மனநல வார்டில் அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அனுபவமுள்ள செவிலியர் உடனே பதில் சொல்லமாட்டார். பையனைக் கட்டிலில் உட்காரவைத்து அவன் கால்களைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பாதம் தரையில் நிற்காது, முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். "உட்காரப் பிடிக்கலையா தம்பி, உட்கார முடியலையா?" என்பார். "முடியல சிஸ்டர், உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது" என்று அவன் சொன்னால், அது ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளின் பக்கவிளைவாக இருக்கலாம். அகதீசியா என்று பெயர். மருத்துவர் அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். கவனிக்காமல் விட்டால், நோய் கூடிவிட்டது என்று நினைத்து அதே மருந்தைக் கூட்டிவிடும் ஆபத்து உண்டு. பயந்துபோய் வீட்டிலேயே மருந்தை நிறுத்துவதும் ஆபத்துதான்.

முழு மனிதரையும் பார்ப்பது என்றால் எனக்கு இதுதான். ஓலான்சபின் சாப்பிடுபவருக்கு எடையும் சர்க்கரையும் ஏறலாம். க்ளோசபின் என்றால் வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும், மலச்சிக்கலையும் விசாரிக்க வேண்டும். லித்தியம் சாப்பிடுபவருக்கு வாந்திபேதி வந்தாலோ, அவர் திடீரென உப்பை நிறுத்தினாலோ ரத்தத்தில் மருந்து அளவு மீறலாம். வேலை போய்விட்டதா, வீட்டில் யார் சமைக்கிறார்கள், மாத்திரை வாங்க வரப் பஸ் காசு இருக்கிறதா என்று கேட்பதும் சிகிச்சைதான்.

இந்தக் கண் படிப்பாலும் பணியாலும் வருவது. மூன்றாண்டு செவிலியர் டிப்ளமோ அல்லது நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்து, பிறகு மனநலச் செவிலியத்தில் ஓராண்டு டிப்ளமோவோ ஈராண்டு எம்.எஸ்சி.யோ படிக்கிறார்கள். அமெரிக்காவில் இத்துறையில் உயர்படிப்பு முடித்த செவிலியர் நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதுகிறார். இந்தியாவில் மருந்து எழுதுவது மருத்துவர் வேலை. ஆனாலும் மனநலச் செவிலியர்களை மனநல வல்லுநர்களாகப் பதிவுசெய்யும் பொறுப்பை மாநில மனநல ஆணையத்துக்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கொடுத்திருக்கிறது.

அந்தச் சட்டத்தை ஏர்வாடியை மறந்துவிட்டுப் படிக்க என்னால் முடியாது. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. இன்று நோயாளியை எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டுவது சட்டவிரோதம். உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் கட்டுப்படுத்தலாம். அதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும், நோயாளியின் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. விரும்பினால் சொந்த உடை உடுத்தலாம். மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் தராமல் மின்னதிர்ச்சி சிகிச்சை செய்யக் கூடாது.

தானாக வந்து சேர்ந்தவர் வீட்டுக்குப் போகக் கேட்டால் அனுப்ப வேண்டும். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்பது போன்ற காரணம் இருந்தால், மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் வரை நிறுத்திவைக்கலாம். நோய் முற்றும்முன், தெளிவாக இருக்கும்போதே, 'எனக்கு இந்தச் சிகிச்சை வேண்டும், இது வேண்டாம், என் சார்பில் இன்னார் பேசட்டும்' என்று எழுதிவைக்கவும் வழி உண்டு. குடும்பங்கள் இதைத்தான் தவறவிடுகின்றன. கல்யாணச் சேலைக்குக் கொடுக்கும் யோசனையில் கால்வாசியாவது இதற்குக் கொடுக்கலாம்.

உரிமை மீறப்பட்டால் முதலில் மருத்துவமனைப் பொறுப்பாளரிடம் முறையிடலாம். கேட்கவில்லையென்றால் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மனுப் போடலாம். நோயாளியே போடலாம், பிரதிநிதியும் போடலாம். கட்டணம் கிடையாது. விதிவிலக்கான நிலையில் வாய்மொழியாகவோ தொலைபேசியிலோ சொன்னாலும் வாரியம் ஏற்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100.

மனம் தாங்காத நேரத்தில் பேச டெலிமனாஸ் எண் 14416. கட்டணமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கும் தமிழில் பேசலாம்.