கட்டுமரமும் ஓய்வூதியமும்

ஓய்வுபெற்ற நடுத்தர வர்க்கத்துக்கும் கடலுக்கும் உள்ள உறவை ஒரே காலைப்பொழுதில் பார்த்துவிட வேண்டுமானால், மாசி மகத்தன்று கிள்ளை முழுக்குத்துறைக்குச் செல்ல வேண்டும். ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். கிள்ளை தர்காவின் சார்பில் அவருக்கு வரவேற்பு நடக்கும். என்னைப் போன்ற ஓய்வூதியதாரர்கள் வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் அளவு நீரில் நின்று, தலையில் நீரைத் தெளித்துக்கொண்டு பேருந்துக்குத் திரும்புவோம். கடலோடு அடுத்த சந்திப்பு அடுத்த மாசியில்தான்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எங்கள் வயதுத் தம்பதிகள் சிலர் வேறொன்று செய்கிறார்கள். வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ ஒரு பாய்மரப் படகை வாங்கி, அதிலேயே குடியேறி, பெருங்கடலைக் கடக்கிறார்கள். ஆண்டுதோறும் நவம்பரில் கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ் துறையிலிருந்து கரீபியன் கடலுக்குப் படகுகள் கூட்டமாகப் புறப்படும் நிகழ்வு 1986 முதல் நடந்துவருகிறது. சுமார் 2,700 கடல் மைல். ஏறத்தாழ மூன்று வாரப் பயணம். அவற்றில் பல இரட்டை உடல் கொண்ட 'கேட்டமரான்' படகுகள். நம் கட்டுமரம் என்ற சொல்தான் அப்படித் திரிந்திருக்கிறது.

இதைச் சொன்னவுடன் நம்மவர்களுக்குப் பெருமிதம் பொங்கும். 'உலகுக்குப் படகைக் கொடுத்தவன் தமிழன்' என்று மேடையில் முழங்கியவர்களை நானும் கேட்டிருக்கிறேன். உண்மை அதைவிடச் சற்றுச் சிக்கலானது. நாம் கொடுத்தது சொல். அந்தப் படகின் வடிவம் பசிபிக் தீவினருடையது. சோழமண்டலக் கரையைப் பார்த்த ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர், 1697-இல் வெளியான தம் பயண நூலில் இச்சொல்லைப் பதிவு செய்தார். பின்னர் ஆங்கிலத்தில் அது பொருள் விரிந்து, இரண்டு ஓடங்களை இணைத்துக் கட்டும் பாலினீசியப் படகு முறைக்கும் பெயராயிற்று. 1876-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் நத்தானியல் ஹெரஷாஃப் அமைத்த இரட்டை உடல் படகு நியூயார்க் பந்தயத்தில் மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளியது. விளைவு, அவ்வகைப் படகுகளே பந்தயங்களிலிருந்து விலக்கப்பட்டன!

நம் கட்டுமரமோ எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டியது. அதற்கு உள்ளறை கிடையாது. அலை மேலேறினால் இடுக்குகள் வழியே வழிந்துவிடும். எனவே நீர் நிரம்பி மூழ்கும் பேச்சே இல்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை உலர்த்துவார்கள். ஊறிய மரம் கனக்கும்.

இரட்டை உடல் படகை முதியவர்கள் விரும்பக் காரணம் உண்டு. ஒற்றை உடல் படகு காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடும். சமைப்பதும் உறங்குவதும் சரிவில்தான். இரட்டை உடல் படகு ஏறக்குறைய மட்டமாக ஓடும். ஆழம் குறைந்த இடத்திலும் நங்கூரமிடலாம். மூட்டுவலி உள்ளவர்களுக்கு இது சிறிய சலுகை அன்று. ஆனால், அடியில் கனமான ஈயமோ இரும்போ கொண்ட ஒற்றை உடல் படகு கவிழ்ந்தால் தானே நிமிரக்கூடும்; இது கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான், மிதந்துகொண்டிருக்கும். விலையும் கூடுதல். புதிய 40 அடிப் படகு நம் கணக்கில் சில கோடி ரூபாய். ஆண்டுப் பராமரிப்புக்கு விலையில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்பது அவர்களிடையே புழங்கும் கணக்கு.

இங்கே என் பாடத்துக்கு வருகிறேன். 1985-இல் நோபல் பரிசு பெற்ற ஃபிராங்கோ மோடிக்லியானியின் வாழ்நாள் சுழற்சிக் கோட்பாட்டை முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்தவன் நான். உழைக்கும் காலத்தில் மனிதன் சேமிக்கிறான். ஓய்வில் அதைச் செலவழித்துத் தீர்க்கிறான் என்பது அதன் சாரம். வீட்டை விற்றுப் படகு வாங்கும் தம்பதி அந்தக் கோட்பாட்டின் உயிருள்ள உதாரணம். நாம் அப்படிச் செய்வதில்லை. வீடு மகனுக்கு, நகை மகளுக்கு, வைப்புத்தொகை மருத்துவமனைக்கு என்று பங்கு பிரித்துவிட்டு மிச்சத்தில் வாழ்கிறோம். இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவச் செலவுக்கு உறுதியில்லாத நாட்டில் சேமிப்பே காப்பீடு. 2024 அக்டோபரில் புறப்பட்டு 2025 மே மாதம் திரும்பிய 'தாரிணி' பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய இருவரில் ஒருவரான கடற்படை அதிகாரி ரூபா புதுச்சேரிக்காரர். நம் கரையில் துணிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் படகும் ஊதியமும் கடற்படை தந்தவை.

முதியவர் எவரும் நம் கடலில் போவதில்லை என்று எண்ணிவிட வேண்டாம். கிள்ளை உப்பங்கழி ஓரம், கட்டுமரத்தின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் ஒருநாள் பேச்சுக்கொடுத்தேன். என்னைவிட மூத்தவர்.

"ரிடையர் ஆயிட்டீங்களா சார்?"

"எட்டு வருஷம் ஆச்சுங்க ஐயா."

"எங்களுக்கு எல்லாம் துடுப்பு புடிக்க முடியாமப் போனாத்தான் சார் ரிடையர்."

2004 ஆழிப்பேரலை எம்.ஜி.ஆர். திட்டை அழித்த பிறகு, தொண்டு நிறுவனங்கள் நம் கடற்கரையெங்கும் ஃபைபர் படகுகளைக் கொண்டுவந்து குவித்தன. கட்டுமரம் வேகமாக மறைந்தது. ஃபைபர் படகு தூரம் போகும், நிறைய மீன் கொண்டுவரும். ஆனால் அதற்கு இயந்திரம் வேண்டும், டீசல் வேண்டும். அவற்றுக்கு முன்பணம் வேண்டும். முன்பணம் கொடுக்கும் வியாபாரிக்கே, அவர் சொல்லும் விலையில், மீனைக் கொடுக்க வேண்டும். இப்படி வருமானம் கூடினாலும் சேமிப்பு கூடாத நிலை உருவாகிறது. மோடிக்லியானியின் வரைபடத்தில் இந்த மனிதருக்கு முதல் பாதியே இல்லை. பிறகு இரண்டாம் பாதி எங்கிருந்து வரும்? வலுவிருக்கும் மகன்கள் ஃபைபர் படகில் போகிறார்கள். தந்தை கரையோரத்துக்கும் கட்டுமரத்துக்கும் திரும்புகிறார்.

அவருக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் இயந்திரம் இல்லாத கலத்துக்குப் பொருந்தாது. விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாள்களில் தம் கூடை மீனுக்கு நல்ல விலை கிடைக்கும் என்றார். தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டதே, அது கிடைக்கிறதா என்று கேட்டேன். மனு கொடுத்திருப்பதாகச் சொன்னார். பிறகு மரங்களை ஒவ்வொன்றாக மணலுக்கு இழுக்கத் தொடங்கினார். இரண்டாவது மரத்துக்கு நானும் கை கொடுத்தேன். ஊறிய மரம், நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.